பழைய பேருந்தில் ஆக்சிலரேட்டர் கேபிள் சிக்கினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிதியை அழுத்தினால் எஞ்சின் வேகமெடுக்கிறது, ஆனால் காலை எடுத்த பிறகும் அடங்க மறுக்கிறது என்பது பழைய பேருந்து வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை. இங்கே பேசப்படுவது மிதியிலிருந்து எஞ்சின் வரை கம்பி வழியாக இயங்கும் ஆக்சிலரேட்டரைப் பற்றி மட்டுமே. அந்தக் கம்பி டீசல் பம்பின் லீவரை இழுத்தாலும், கார்புரேட்டரின் லீவரை இழுத்தாலும் அடிப்படை ஒன்றுதான். உள்ளே ஓடும் முறுக்குக் கம்பியை இன்னர் என்றும், அதைச் சுற்றியிருக்கும் சுருள் உறையை அவுட்டர் என்றும் பட்டறைகளில் சொல்வார்கள். இங்கும் அந்தப் பெயர்களையே பயன்படுத்தியிருக்கிறேன். கேபிள் சிக்கும்போது பெரும்பாலானோர் முதலில் தேடுவது வலுவான ஒரு ஸ்பிரிங்கை. அது தவறான தொடக்கம் என்பதே என் உறுதியான கருத்து. தேட வேண்டியது உராய்வு எந்த இடத்தில் இருக்கிறது என்பதை.

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே ஆக்சிலரேட்டர் சிக்கிவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

பிரேக்கை ஒரே முறையில் உறுதியாக மிதித்து, மிதித்தபடியே வைத்திருக்க வேண்டும். விட்டுவிட்டு மிதிக்கக் கூடாது. பெட்ரோல் எஞ்சினில் த்ராட்டில், அதாவது காற்று வழியைத் திறந்து மூடும் தகடு, திறந்தே இருக்கும்போது உறிஞ்சு குழாயில் வெற்றிடம் குறைந்துவிடுவதால், மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டரில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் வெற்றிடம் ஓரிரு மிதிகளுக்கு மட்டுமே போதும். காற்று பிரேக் உள்ள பேருந்தில் ஒவ்வொரு மிதியும் தொட்டியிலுள்ள காற்றைச் செலவழிக்கிறது. வண்டியின் வேகம் குறையத் தொடங்கியதும் கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு மாற்றுங்கள். எஞ்சின் அலறும்; அது பயமுறுத்தினாலும், வண்டியை நிறுத்துவதே அப்போதைய வேலை. டீசல் எஞ்சினாக இருந்து, சிக்கியிருப்பது கேபிள் மட்டும்தான் என்றால், பம்பிலுள்ள கவர்னர் என்ற வேகக் கட்டுப்பாட்டு அமைப்பு உச்ச வேகத்தைத் தாண்ட விடாது. கார்புரேட்டர் எஞ்சினில் அத்தகைய காவல் பெரும்பாலும் இல்லை என்பதால், நியூட்ரலுக்கு மாற்றியவுடன் இக்னிஷனை ஒரு படி மட்டும் திருப்பி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் நிலை வரை சாவியைத் திருப்பவே கூடாது.

பழைய டீசல் பேருந்துகள் பலவற்றில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் நிற்காது. எரிபொருளை நிறுத்துவதற்கென்று தனியாக ஒரு இழுப்புக் கைப்பிடி இருக்கும். அந்தக் கைப்பிடி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று இன்றே பார்த்துவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் ஆக்சிலரேட்டர் கேபிள் பராமரிக்கப்படாத வண்டியில் அந்தக் கைப்பிடியின் கேபிளும் பெரும்பாலும் துருப்பிடித்துத்தான் இருக்கும்.

மிதியைக் காலால் மேலே தூக்கிவிட்டால் சரியாகிவிடாதா?

சிக்கியிருப்பது மிதியே என்றால் சரியாகலாம். கேபிள் சிக்கியிருந்தால் பயனில்லை. கம்பியால் இழுக்க முடியுமே தவிர, தள்ள முடியாது. மிதியைத் தூக்கினால் அதன் பக்கத்தில் இன்னர் தளர்ந்து தொங்கும், எஞ்சின் பக்கத்து லீவர் அசையாமல் அப்படியே நிற்கும். அதற்காகக் குனிந்து கையை உள்ளே விடுவது பெரும் ஆபத்து.

கேபிள்தான் காரணம் என்று எப்படி உறுதி செய்வது?

மூன்று பகுதிகளைத் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்: மிதி, கேபிள், எஞ்சின் பக்கத்து லீவர். எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, முதலில் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். மடிந்துபோன விரிப்பு மிதியைப் பிடித்துக்கொண்டிருந்த வண்டிகளில் கேபிளை மாற்றி ஏமாந்தவர்கள் உண்டு.

அடுத்து எஞ்சின் பக்கத்தில் கேபிளைக் கழற்றி, லீவரை விரலால் முழுவதும் திறந்து விட்டுவிடுங்கள். அது டக்கென்று ஐடில் ஸ்க்ரூவில் (காலை எடுத்தபோது எஞ்சின் ஓடும் குறைந்த வேகத்தை நிர்ணயிக்கும் திருகு) போய் முட்டும் ஓசை கேட்க வேண்டும். மெதுவாக நகர்ந்து வந்தாலோ, கடைசி சில மில்லிமீட்டரில் தயங்கினாலோ கேபிள் குற்றமற்றது. கார்புரேட்டரின் த்ராட்டில் தண்டிலோ டீசல் பம்பின் லீவர் தண்டிலோ கோளாறு இருக்கிறது. லீவர் நன்றாகத் திரும்பினால், கழற்றிய கம்பியின் நுனியைப் பிடித்து மெல்ல இழுத்துக்கொண்டே இன்னொருவரை மிதியை அழுத்தி விடச் சொல்லுங்கள். கம்பி சீராக ஓடுகிறதா, துள்ளித் துள்ளி வருகிறதா என்பது விரல் நுனியில் தெரியும். மணலில் கயிற்றை இழுப்பது போன்ற நறநறப்பு இருந்தால் உள்ளே துருவும் தூசியும் சேர்ந்துள்ளன. ஓர் இடத்தில் மட்டும் தடுக்கினால் அங்கே இழை அறுந்திருக்கலாம் அல்லது அவுட்டர் நசுங்கியிருக்கலாம். கடைசியாக மிதியின் பக்கத்திலும் கேபிளைக் கழற்றி, மிதியை மட்டும் ஆட்டிப் பாருங்கள். அது பக்கவாட்டில் சாயாமல், தன் சுழல் ஊசியில் தடையின்றி ஆட வேண்டும்.

இந்தச் சோதனைக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் புதிய கேபிள் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

அழுத்தும்போது எந்தச் சிரமமும் இல்லை, திரும்பும்போது மட்டும் ஏன் சிக்குகிறது?

அழுத்துவது உங்கள் கால். திருப்புவது ஒரு சிறிய ஸ்பிரிங். காலுக்குப் பலம் அதிகம் என்பதால் உராய்வு எவ்வளவு கூடினாலும் அது உங்களுக்குத் தெரிவதில்லை. ஸ்பிரிங்குக்கு மட்டும் தெரியும்.

வளைவான வழியில் ஓடும் கம்பியின் உராய்வு, அந்த வளைவுகளின் மொத்தக் கோணத்தைப் பொறுத்துப் பெருக்கல் முறையில் ஏறுகிறது. ஒரு கேபிள் இரண்டு இடங்களில் செங்கோணமாகத் திரும்புகிறது, அதாவது மொத்தம் 180 பாகை வளைகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே சுத்தமாக இருந்து உராய்வுக் கெழு (உராய்வின் அளவைச் சொல்லும் எண்) 0.1 ஆக இருந்தால், எஞ்சின் பக்கத்து ஸ்பிரிங் 10 பங்கு விசையுடன் இழுக்கும்போது மிதிக்கு ஏறத்தாழ 7 பங்கு போய்ச் சேரும். துருவும் காய்ந்த கிரீஸும் சேர்ந்து அந்தக் கெழு 0.3 ஆகிவிட்டால் 4 பங்குகூடப் போய்ச் சேராது. இதே அழுக்குக் கேபிளை யாரோ ஒருவர் சுற்றுவழியில் கொண்டுபோய் வளைவை 360 பாகையாக்கிவிட்டால், மிஞ்சுவது ஒன்றரைப் பங்குதான். மிதியின் எடையையும் அதன் ஊசியிலுள்ள உராய்வையும் அந்த ஒன்றரைப் பங்கால் வெல்ல முடிவதில்லை.

அப்படியானால் வலுவான ஸ்பிரிங் போட்டுவிட்டால் போதுமே?

போதாது. மேலே சொன்ன கணக்கில் மாறாமல் இருப்பது விகிதம். ஸ்பிரிங்கை இரு மடங்காக்கினால் அதில் பெரும்பகுதியை உராய்வே விழுங்கும். மிதியும் இரு மடங்கு கனக்கும், ஒவ்வொரு வளைவிலும் இன்னர் அவுட்டரின் உட்சுவரை இரு மடங்கு அழுத்தத்துடன் அரைக்கும். சில மாதங்களில் கம்பி அங்கேயே இழை விடத் தொடங்கும். அதற்குள் வண்டி சரியாகிவிட்டது என்று நம்பி நீங்கள் நெடுந்தூரம் போயிருப்பீர்கள் என்பதுதான் என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது.

பழைய ஸ்பிரிங் நீண்டு, துருப்பிடித்து, சுருள்களுக்கிடையே இடைவெளி விழுந்திருந்தால் அதே அளவில் புதிய ஒன்றைப் போடுங்கள். ஒன்றுக்கு இரண்டாக, ஒவ்வொன்றும் தனியாகவே லீவரைத் திருப்பக்கூடிய வகையில் அமைப்பது இன்னும் நல்லது. ஒன்று உடைந்தாலும் மற்றது காப்பாற்றும்.

சில நேரங்களில் மட்டும் சிக்குகிறது. அதிலிருந்து காரணத்தை ஊகிக்க முடியுமா?

நிச்சயமாக முடியும், எப்போது சிக்குகிறது என்பதைக் குறித்துவைப்பது பாதி வேலையை முடித்துவிடும்.

குளிர்ந்த காலையில் சிக்கி, வண்டி ஓட ஓடச் சரியாகிறது என்றால் உள்ளே பழைய கிரீஸ் இறுகியிருக்கிறது. கார்புரேட்டர் எஞ்சினில் இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு: தானியங்கி சோக் (குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கலவையைச் செறிவாக்கும் அமைப்பு) இருக்கும் வண்டியில், எஞ்சின் சூடாகும் வரை வேக ஐடில் கேம் என்ற படிகளுள்ள தகடு த்ராட்டிலைச் சற்றே திறந்து வைத்திருக்கும். அது கோளாறு அல்ல. சூடான பிறகும் கேம் விலகாவிட்டால்தான் சோக்கைக் கவனிக்க வேண்டும்.

இதற்கு மாறாக, சூடான பிறகு மட்டும் சிக்கினால், கேபிள் புகைபோக்கிக் குழாயின் அருகே எங்காவது போகிறதா என்று பாருங்கள். அவுட்டரின் உள்ளே இருக்கும் நைலான் குழல் வெப்பத்தில் இளகி இன்னரைப் பற்றிக்கொள்ளும். வெளியே பார்த்தால் பிளாஸ்டிக் உறை பளபளத்தோ சுருங்கியோ இருக்கும். மழைக்குப் பிறகோ, வண்டியைக் கழுவிய மறுநாளோ சிக்கினால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கேபிள் எங்கே மிகத் தாழ்வாகத் தொங்குகிறதோ அங்கேதான் துரு இருக்கும்.

முழுவதும் அழுத்தும்போது மட்டும் மாட்டிக்கொள்கிறது என்றால் கேபிளின் நீளத்தையும் லீவரின் கோணத்தையும் சந்தேகியுங்கள். மிதிக்கென்று தனி நிறுத்தம் இல்லாவிட்டால் காலின் முழு பலமும் லீவரை அதன் எல்லைக்கு அப்பால் இழுத்து, கம்பியும் லீவரும் ஒரே நேர்கோட்டில் வந்துவிடும். அந்த நிலையிலிருந்து ஸ்பிரிங்கால் அதை மீட்க முடியாது. வண்டி நிற்கும்போது எல்லாம் சரியாக இருந்து, ஏற்றத்தில் பாரத்துடன் ஏறும்போது மட்டும் வேகம் தானாக மாறினால் எஞ்சின் மவுண்ட் ரப்பரைப் பாருங்கள். தளர்ந்த மவுண்டில் எஞ்சின் திரும்பும்போது கேபிளையும் சேர்த்து இழுக்கிறது.

எண்ணெய் விட்டாலே போதுமா? எந்த எண்ணெய்?

இழை எதுவும் அறாமல், அழுக்கு மட்டுமே காரணமாக இருந்தால் போதும். ஆனால் மேல் நுனியில் நான்கு சொட்டு விடுவதை எண்ணெய் விடுவது என்று சொல்ல முடியாது. கேபிளை வண்டியிலிருந்து கழற்றி, ஓர் ஆணியில் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். மேல் நுனியைச் சுற்றித் தடித்த பிளாஸ்டிக் தாளைக் கூம்பாகச் சுருட்டி, அடியில் டேப்பால் இறுக்கிக் கட்டினால் புனல் தயார். முதலில் அதில் மண்ணெண்ணெயை ஊற்றி, இன்னரை மேலும் கீழுமாக இழுத்துக்கொண்டே இருங்கள். கீழே முதலில் வருவது கருஞ்சிவப்பாக, காபித்தூள் கரைத்தது போல இருக்கும். அது தெளிவாகும் வரை விட்டு, நன்றாக வடிந்து உலர்ந்த பிறகு மெல்லிய இயந்திர எண்ணெயை ஊற்றி, கீழ் நுனியில் சுத்தமான எண்ணெய் சொட்டும் வரை காத்திருங்கள். ஓர் இரவு அப்படியே தொங்கட்டும். மறுநாள் காலையில் இன்னர் தன் எடையிலேயே வழுக்கி இறங்கினால் கேபிள் பிழைத்துவிட்டது.

துருநீக்கும் ஸ்ப்ரே கழுவுவதற்கு நல்லது, மசகுக்கு நல்லதல்ல. அதன் பெரும்பகுதி ஆவியாகிவிடும். உள்ளே நைலான் அல்லது டெஃப்லான் குழல் உள்ள கேபிள்கள் உலர்ந்தே ஓடும்படி செய்யப்பட்டவை. அவற்றில் கிரீஸை அடைத்தால் அது தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு, சில மாதங்களில் அரைமாவு போலாகிவிடும். அத்தகைய கேபிள் சிக்கினால் குழல் தேய்ந்துவிட்டது என்று பொருள், மாற்றிவிடுங்கள்.

எந்த நிலையில் கேபிளைக் கட்டாயம் மாற்ற வேண்டும்?

ஓர் இழை அறுந்தாலே மாற்ற வேண்டும். அதில் பேரம் வேண்டாம். அறுந்த இழை மீன்முள் போல ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அது சாய்ந்த திசைக்கு எதிராகக் கம்பியை இழுக்கும்போது மடங்கி, பணிந்து வரும். எதிர்த் திசையில் போகும்போது நிமிர்ந்து, அவுட்டரின் சுருளுக்குள் குத்தி நிற்கும். அழுத்தினால் வருகிறது, விட்டால் போகவில்லை என்ற குறையின் மிக மோசமான வடிவம் இதுவே. எண்ணெய் இதற்கு ஒன்றும் செய்யாது.

கண்டுபிடிக்க ஒரு பழைய பருத்தித் துணி போதும். மிதியை முழுவதும் அழுத்தச் செய்து, வெளியே வரும் இன்னரைத் துணியால் மெல்லச் சுற்றிப் பிடித்து இரு திசையிலும் உருவுங்கள். அறுந்த இழை இருக்கும் இடத்தில் துணி நூல் மாட்டிக்கொண்டு நிற்கும். வெறும் விரலால் உருவ வேண்டாம். அந்த இழை ஊசியை விடக் கூர்மையானது. பெரும்பாலும் அறுவது மூன்று இடங்களில்: கம்பியின் நுனியிலுள்ள உலோகக் குமிழான நிப்பிளின் கழுத்தில், அவுட்டர் முடியும் வாயில், திருகால் அழுத்திப் பிடிக்கும் கிளாம்பில்.

நசுங்கிய அவுட்டர், உறை கிழிந்து சுருள் வெளியே தெரியும் அவுட்டர் ஆகியவையும் மாற்ற வேண்டியவைதான்.

புதிய கேபிள் போட்டும் சில மாதங்களிலேயே மீண்டும் சிக்குகிறதே?

கேபிள் கெடவில்லை, கெடுக்கப்படுகிறது. முதலில் போகும் வழியைப் பாருங்கள். அவுட்டரை எங்காவது பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டியிருந்தால் அங்கே அது நசுங்கும். தளர்வான கிளிப்பே சரி. ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலும், கூண்டும் எஞ்சின் அறையும் சேரும் இடத்திலும் கூர்மையான திருப்பம் இருக்கும். ரப்பர் வளையம் போய்விட்ட துளையில் தகடே உறையை அறுத்துவிடும்.

ஆனால் இந்த இடத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. என்னிடம் இருந்த ஒரு பழைய பேருந்தில் இரண்டு முறை கேபிளை மாற்றினேன். இரண்டு முறையும் உள்குழல் ஒரே இடத்தில் உருகியிருந்தது, அருகில் சூடான குழாய் எதுவும் இல்லை. மூன்றாவது முறை, ஒருவர் ஸ்டார்ட்டரைச் சுழற்றிக்கொண்டிருக்கும்போது எதற்காகவோ கேபிளின் முனையைத் தொட்டேன், கை சுட்டது. எஞ்சினையும் சட்டத்தையும் இணைக்கும் எர்த் பட்டை துருப்பிடித்து அறுந்திருந்தது. ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்துக்குத் திரும்பிப் போக வேறு வழி இல்லாமல், கால் மிதியோடு சேர்ந்திருக்கும் அந்த மெல்லிய கம்பி வழியாகவே ஒரு பகுதி போய்க்கொண்டிருந்தது. எர்த் பட்டையை மாற்றிய பிறகு அந்தக் கேபிள் சிக்கவே இல்லை.

இதைச் சோதிக்க மல்டிமீட்டர் போதும். ஒரு முனையை எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதியிலும், மற்றொன்றைப் பேட்டரியின் எர்த் முனையிலும் வைத்து, எஞ்சின் பிடித்துக்கொள்ளாதபடி எரிபொருளையோ இக்னிஷனையோ துண்டித்துவிட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. எந்த முனை எர்த் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் முனையே சட்டத்தோடு இணைக்கப்பட்டிருக்கும்.

புதிய கேபிளுக்கு எப்படி அளவெடுப்பது?

அவுட்டரின் நீளம், இன்னரின் மொத்த நீளம், இரு முனைகளிலும் உள்ள நிப்பிள் அல்லது கொக்கியின் வடிவம், இன்னரின் தடிமன் ஆகியவை வேண்டும். இவற்றில் பலரும் தவறவிடுவது முதல் இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை. அவுட்டரும் இன்னரும் சேர்ந்த கேபிளுக்கு எர்னஸ்ட் பௌடன் 1896ஆம் ஆண்டில் காப்புரிமை கோரினார். அன்றிலிருந்து அதன் தத்துவம் மாறவில்லை: இன்னர் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு விசையை அவுட்டர் தாங்கி நிற்க வேண்டும். ஆகவே இன்னர் அவுட்டருக்கு வெளியே எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதுதான் லீவரின் நிலையைத் தீர்மானிக்கிறது. பழைய அவுட்டர் சுருங்கியோ நீண்டோ இருக்கலாம் என்பதால், மிதி மேலேயும் லீவர் ஐடிலிலும் இருக்கும் நிலையில் வண்டியிலேயே ஓர் அளவு எடுத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சரிசெய்யும் ஸ்க்ரூ பாதி திருகில் இருக்கும்போது இந்த அளவை எடுப்பது புத்திசாலித்தனம்.

அதே கேபிள் எங்கும் கிடைக்கவில்லை. செய்துகொள்ளலாமா?

செய்துகொள்ளலாம், கவனமாகச் செய்தால் வாங்கியதைவிட நன்றாகவே இருக்கும். அவுட்டரை வெட்டினால் அதன் சுருள் முனை உள்ளே வளைந்துவிடும். அதை அரம் கொண்டு சமமாக்கி, உள்வாயில் ஓர் ஊசியை விட்டுச் சுற்றிப் பிசிறை நீக்கி, தொப்பி போட்ட பிறகுதான் இன்னரை உள்ளே விட வேண்டும். இன்னரை வெட்டும் முன் வெட்டப்போகும் இடத்தில் ஈயம் பற்றவையுங்கள், இழைகள் பிரியாது.

நிப்பிள் பொருத்தும்போது கம்பியை வெறுமனே துளைக்குள் விட்டுப் பற்றவைப்பது போதாது. நிப்பிளின் மறுபக்கத்தில் ஒரு சிறு குழி இருக்க வேண்டும். கம்பியின் நுனி இழைகளைப் பூ விரிவது போல விரித்து அந்தக் குழிக்குள் இறக்கி, அதன் பிறகு ஈயத்தை நிரப்ப வேண்டும். அப்படிச் செய்தால் ஈயம் விட்டாலும் விரிந்த இழைகள் நிப்பிளைத் தாண்டி வராது. கம்பி சிவக்கும் அளவுக்குச் சூடாக்கினால் எஃகின் உறுதி போய்விடும், ஆகவே ஈயம் ஓடியதும் நெருப்பை எடுத்துவிடுங்கள். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் சாதாரண பற்றவைப்புப் பசை ஒட்டாது. அதற்கெனத் தனிப் பசை வேண்டும்.

கழற்றி மாட்டும்போது கவனிக்க வேண்டியது என்ன?

பழைய கேபிளை உருவும் முன் அதன் ஒரு முனையில் உறுதியான மெல்லிய கயிற்றைக் கட்டிவிடுங்கள். கேபிள் வெளியே வரும்போது கயிறு அதே வழியில் உள்ளே போய் நிற்கும்; புதியதை அதில் கட்டி இழுத்தால் வழி தவறாது. போகும் வழியைக் கழற்றும் முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாட்டிய பிறகு எவ்வளவு தளர்வு விட வேண்டும்?

மிதி மேலே இருக்கும்போது எஞ்சின் பக்கத்தில் ஓரிரு மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். தளர்வே இல்லாவிட்டால் லீவர் ஐடில் ஸ்க்ரூவைத் தொடாமல் கம்பியிலேயே தொங்கும், ஐடில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். மறுமுனையில், மிதி முழுவதும் அழுந்தும்போது லீவர் முழுத் திறப்பை எட்ட வேண்டும்; ஆனால் காலின் பாரத்தை மிதியின் அடியிலுள்ள நிறுத்தம்தான் தாங்க வேண்டும், கேபிளோ லீவரோ அல்ல. இருக்கையில் ஒருவர் அமர்ந்து மிதியை அழுத்த, மற்றவர் எஞ்சின் அருகே நின்று பார்ப்பதே இதற்குச் சரியான வழி. கையால் லீவரைத் திறந்து பார்ப்பதும் காலால் அழுத்திப் பார்ப்பதும் ஒன்றல்ல.

டீசல் பம்பின் லீவரே இறுக்கமாக இருந்தால்?

லீவர் தண்டின் வெளிப்புறத்தைச் சுத்தம் செய்து, சிறிது எண்ணெய் விட்டுப் பாருங்கள். அதற்கு மேல் பம்பைத் திறக்க வேண்டாம். அது பம்பு பட்டறையின் வேலை. ஈய முத்திரை வைத்த உச்ச வேக ஸ்க்ரூவை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். உள்ளே எரிபொருளின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் என்ற தண்டு சிக்கியிருந்தால் கவர்னராலும் எஞ்சினை அடக்க முடியாமல் போகலாம் என்பதால், அந்தச் சந்தேகம் வந்த வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

பின்புறம் எஞ்சின் உள்ள ஃபோக்ஸ்வேகன் டைப் 2 பேருந்துக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், ஆனால் அதன் அமைப்பு சற்று வேறு. 1950ஆம் ஆண்டில் உற்பத்தி தொடங்கிய அந்த வண்டியில், முன்னால் இருக்கும் மிதிக்கும் பின்னால் இருக்கும் கார்புரேட்டருக்கும் இடையே மூன்று மீட்டருக்கு மேல் நீளமுள்ள கம்பி, வளையும் அவுட்டருக்குள் அல்லாமல், தரைக்கு அடியில் பொருத்தப்பட்ட எஃகுக் குழாய்க்குள் ஓடுகிறது. நிமிர்ந்த விசிறிக்கூடு உள்ள எஞ்சின்களில் அது விசிறிக்கூட்டின் ஊடாகச் செல்லும் இன்னொரு சிறு குழாயையும் கடந்து, கார்புரேட்டர் லீவரிலுள்ள உருளைக் கிளாம்பில் திருகால் பிடிக்கப்படுகிறது. குழாயின் முன்வாய் சாலையின் சேற்றையும் தண்ணீரையும் நேராக வாங்கிக்கொள்வதால் துரு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். குழாய்க்குள் ஓடும் கம்பி என்பதால் இதற்கு மட்டும் கிரீஸ் பொருத்தமானது: கம்பியை முன்பக்கமாக உருவி, குழாயைச் சுத்தம் செய்து, புதிய கம்பியின் முழு நீளத்துக்கும் கிரீஸ் தடவிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். கிளாம்ப் உருளை லீவரின் துளையில் தாராளமாகச் சுழல வேண்டும். சுழலாவிட்டால் ஒவ்வொரு மிதிக்கும் கம்பி அதே இடத்தில் மடங்கி, அங்கேயே அறுந்துபோகும். மிதி முழுவதும் அழுந்திய நிலையில் லீவருக்கும் அதன் நிறுத்தத்துக்கும் இடையே ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்படி கிளாம்பை இறுக்க வேண்டும்.

சரியாகிவிட்டது என்று எப்போது நம்பலாம்?

அமெரிக்காவின் மோட்டார் வாகனப் பாதுகாப்புத் தரம் 124, 1973ஆம் ஆண்டிலிருந்து ஓர் அளவுகோலை வைத்திருக்கிறது: காலை எடுத்ததும், மொத்த எடை 4,536 கிலோ வரை உள்ள வண்டியில் ஒரு விநாடிக்குள்ளும், அதற்கு மேற்பட்ட வண்டியில் இரண்டு விநாடிக்குள்ளும் த்ராட்டில் ஐடிலுக்குத் திரும்பிவிட வேண்டும். கடுங்குளிருக்கு மட்டும் மூன்று விநாடி அனுமதி. அதைவிடப் பழைய பேருந்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாவிட்டாலும், சோதிப்பதற்கு அந்த அளவு நன்றாகவே பயன்படும். நல்ல நிலையிலுள்ள கேபிள் ஒரு விநாடியைக்கூட எடுத்துக்கொள்ளாது.

எஞ்சினை அணைத்த நிலையில் மிதியை முழுவதும், பாதி, கால் பங்கு என்று வெவ்வேறு ஆழத்தில் அழுத்தி, ஒவ்வொரு முறையும் காலைச் சட்டென்று எடுத்துப் பாருங்கள். மெதுவாக விட்டும் பாருங்கள். வேகமாக விடும்போது துள்ளித் திரும்பும் கேபிள், மெதுவாக விடும்போது பாதி வழியில் நின்றுவிடுவதுண்டு. இரண்டு ஸ்பிரிங் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு இதே சோதனையைச் செய்து, பிறகு மற்றதைக் கழற்றிச் செய்யுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஒரு முறையும், மறுநாள் காலை குளிர்ந்திருக்கும்போது ஒரு முறையும் செய்து பார்த்து, எல்லா முறையும் லீவர் ஐடில் ஸ்க்ரூவில் முட்டும் அந்த ஓசை கேட்டால், பயணிகளை ஏற்றலாம்.